பைபாஸ் ஆபரேஷன்: நம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பதினான்கு வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, மண்டபம் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பி வந்திருக்கிறேன். அப்பா கடல் தொழில் செய்தவர். அவருக்கும் பைபாஸ் ஆனது. அதனாலோ என்னவோ, தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை யாருக்காவது ‘மூணு அடைப்பு’ என்று டாக்டர் சொல்லிவிட்டால், ஃபைலைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். வருகிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். உங்களைப் பரிசோதித்த டாக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். இதயக் குழாய்களில் எங்கே அடைப்பு என்று காட்டும் உங்கள் ஆஞ்சியோகிராம் படத்தைப் பார்த்தவர் அவர்தான்.

நெஞ்சைத் திறந்து அடைப்பைச் சுரண்டி எடுத்துருவாங்களா?

இல்லை. அடைப்பு இருந்த இடத்தில் அப்படியே இருக்கும்.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ரயிலை நிறுத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை தீவுக்குள் ரயில் போகவில்லை. அதற்காகத் தீவு பட்டினி கிடந்ததா? 1988-ல் திறந்த சாலைப் பாலம் இருந்தது. ரயிலில் வந்தவர்கள் இக்கரையில் இறங்கி பஸ் ஏறிப் போனார்கள். பழைய பாலம் பாட்டுக்குக் கடலில் நின்றது.

பைபாஸும் அதுதான். இதயம் உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புகிறது. ஆனால் அதன் தசைக்கு வேண்டிய ரத்தம், அதன் மேல்பரப்பில் ஓடும் சின்னக் குழாய்கள் வழியாகத்தான் வரவேண்டும். பேனா ரீஃபில் பருமன்தான் அவை. உள்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து படிந்து வழி குறுகிவிடுகிறது. உடம்பில் வேறொரு இடத்திலிருந்து ஒரு குழாயை எடுத்து, அடைப்புக்கு முன்னால் ஒரு முனையையும் அடைப்பைத் தாண்டி மறுமுனையையும் தைத்துவிடுகிறார்கள். ரத்தம் அந்த மாற்றுவழியில் போகிறது.

இதில் நீங்கள் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. அடைப்பை உண்டாக்கிய நோய் உள்ளேயேதான் இருக்கிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, பீடி எல்லாம் சேர்ந்து பழைய குழாயைக் கெடுத்தது போலப் புதுக் குழாயையும் கெடுக்கும். கீழே நான் சொல்லப்போகும் பாதிப் பதில்களுக்குக் காரணம் இதுதான்.

அட்டாக் வந்து போயிருச்சு. இப்ப பைபாஸ் செஞ்சா இதயம் பழையபடி ஆகிருமா?

எவ்வளவு தசை செத்தது, எவ்வளவு தசை பசியோடு உயிர் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ரத்தம் குறைவாகக் கிடைத்ததால் சோர்ந்து கிடக்கும் தசை, வழி திறந்ததும் மெல்ல வேலைக்குத் திரும்பும். செத்த தசை திரும்பாது. 1964 புயலில் போன தனுஷ்கோடிக்கு இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போகிறது. ஊர் திரும்பி வரவில்லையே.

எக்கோ என்ற இதய ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஈ.எஃப். என்று ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது அறை, தன்னிடம் நிறைந்த ரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. 55-க்கு மேல் இருந்தால் நல்லது. 30, 35 என்று இருந்தால் ஆபரேஷனில் ஆபத்தும் கூடும், பிறகு தேறிவரும் நாட்களும் கூடும். ஃபைலில் முதலில் அதைப் பாருங்கள்.

வாயுப் பிடிப்புன்னுதானே நினைச்சோம்? நெஞ்சுவலின்னு எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தோம். வலை இழுக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சு நடுவில் பாறாங்கல் வைத்த மாதிரி இருக்கும், கொஞ்சம் உட்கார்ந்தால் போய்விடும். ஒரு கிளினிக்கில் வாயுவுக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். ஈ.சி.ஜி. எடுக்கவில்லை. நான் அப்போது நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை. எட்டு மாதம் இஞ்சியும் ஓமமும் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

வேலை செய்தால் வந்து, ஓய்வெடுத்தால் போகும் எந்த நெஞ்சு அழுத்தத்தையும் வாயு என்று தள்ளிவிடாதீர்கள். இடது கை, தாடை, முதுகு, தொண்டைக்குப் பரவலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், வேர்வை, திடீர் அசதி மட்டும் வரலாம். பெண்களுக்கும் இப்படி வருவது அதிகம். கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர், ‘தண்ணிக்குள்ள மூச்சு பிடிக்கிறதாலதான் இளைக்குது’ என்று ஒரு வருடம் ஓட்டினார். பிறகு பார்த்தால் மூன்று குழாய்களிலும் அடைப்பு.

ஓய்வில் இருக்கும்போதே வலி வந்து, நிற்காமல் நீடித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அங்கே ஓடுங்கள். 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் வேளையாக அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். நேரே மதுரைக்கே போய்விடலாம் என்று கார் பிடித்து, வழியில் உயிர் விட்டவர்களை நான் அறிவேன். முதலில் அருகில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரி, பிறகு மதுரை.

ஸ்டென்ட் வெச்சா ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துரலாமே? எதுக்கு நெஞ்சை வெட்டணும்?

நியாயமான கேள்வி. டாக்டரிடமும் இதே வார்த்தையில் கேளுங்கள், தப்பில்லை.

ஒன்று இரண்டு இடத்தில் அடைப்பு இருந்தால், குழாய் நல்ல வாகாக இருந்தால், ஸ்டென்ட், அதாவது அடைத்த இடத்தை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பிவலைக் குழாய், போதும். அட்டாக் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் பெரும்பாலும் அதுதான் உயிர் காக்கும். ஆனால் இடதுபக்கக் குழாய்களின் அடிமரமான பெரிய குழாயிலேயே அடைப்பு, மூன்று குழாய்களிலும் அடைப்பு, கூடவே சர்க்கரை நோய், இதயம் பலவீனம் என்று வரும்போது பைபாஸ் நின்று பலன் கொடுக்கிறது. சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்புள்ள 1,900 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. ஐந்து வருடத்தில், ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 16 பேரும் பைபாஸ் செய்தவர்களில் நூற்றுக்கு 11 பேரும் இறந்திருந்தார்கள். பக்கவாதம் மட்டும் பைபாஸ் செய்தவர்களுக்குக் கூடுதலாக வந்திருந்தது. இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். சர்க்கரை இல்லாத வீடு நம் கரையில் அபூர்வமாகிவிட்டதால் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

நாலு அடைப்புன்னா நாலு தடவை ஆபரேஷனா?

இல்லை. ஒரே ஆபரேஷனில் மூன்று, நான்கு மாற்றுவழிகளும் போட்டுவிடுவார்கள்.

தடைக்காலத்துல வெச்சுக்கலாமா? இப்ப தொழில் நடக்குது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. எப்படியும் வீட்டில் இருக்கும் 61 நாளில் ஆபரேஷனை முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறோம். கடன், வட்டி, பிள்ளைகள் படிப்பு எல்லாம் எனக்கும் தெரியும். சிலருக்கு அந்தக் கணக்கு சரியாகவும் வரும். மாத்திரையில் வலி அடங்கியிருக்கிறது, அடிமரக் குழாய் நன்றாக இருக்கிறது என்றால் டாக்டரே சில வாரம் நேரம் கொடுப்பார்.

ஆனால் ஓய்வில் இருக்கும்போதே வலி வருகிறதா, முன்பைவிட அடிக்கடி வருகிறதா, ரிப்போர்ட்டில் இடது அடிமரக் குழாயில் அடைப்பு என்று எழுதியிருக்கிறதா? அப்படியானால் ஏப்ரலுக்காகக் காத்திருக்க வேண்டாம். ‘எத்தனை நாள் தள்ளலாம்?’ என்று டாக்டரிடம் நேராகக் கேட்டு ஒரு எண் வாங்குங்கள். தள்ளிப்போட்ட நாட்களில் தனியாகக் கடலுக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று. 61 நாள் ஆனதும் தொழிலுக்குத் திரும்பிவிடலாம் என்ற கணக்கு தப்பு. ஏன் என்று கீழே வருகிறது.

உயிருக்கு ஆபத்து எவ்வளவு?

முன்கூட்டியே தேதி குறித்து, இதயம் ஓரளவு பலமாக இருக்கும்போது செய்தால் இறப்பு நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று வரை. அட்டாக் நடக்கும்போது அவசரமாகச் செய்தாலோ, சிறுநீரகம் கெட்டிருந்தாலோ, ஈ.எஃப். ரொம்பக் குறைந்திருந்தாலோ கூடும். பக்கவாதம், ரத்தக்கசிவு, நெஞ்சுப் புண்ணில் சீழ், சிறுநீரகத் தளர்ச்சி ஆகியவையும் சிலருக்கு வரலாம். கையெழுத்து வாங்கும்போது இதையெல்லாம் வாசிப்பார்கள். பயமுறுத்துகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ‘என் அப்பாவுக்கு இதில் எது அதிகம்?’ என்று கேளுங்கள்.

பணத்துக்கு என்ன செய்யிறது?

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பைபாஸும் அதில் அடங்கும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செய்துகொள்ளலாம். தனியாரில் சேரும் முன் ‘இந்த ஆபரேஷனுக்குக் காப்பீடு உண்டா, கையிலிருந்து எவ்வளவு?’ என்று காப்பீட்டு மேஜையில் கேட்டு எழுதி வாங்குங்கள். வலி வருவதற்கு முன்பே கார்டு வாங்கி வைத்துவிட வேண்டும். வட்டிக்கு வாங்கி, தாலிக்கொடியை அடகு வைத்த பிறகு, கார்டுக்குத் தகுதி இருந்ததே என்று தெரிந்துகொண்ட குடும்பங்கள் எத்தனையோ.

ஆபரேஷனுக்கு முன்னால நாங்க என்ன செய்யணும்?

பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எல்லாவற்றையும் தேதி குறித்த அன்றே நிறுத்துங்கள். புகைத்த நுரையீரல் சளியைக் கட்டி வைத்திருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சளிதான் நிமோனியா ஆகிறது. சொத்தைப் பல் இருந்தால் காட்டுங்கள். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டியிருக்கும், ஊரிலேயே பேசி வையுங்கள்.

மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். க்ளோபிடோக்ரெலை வழக்கமாக ஐந்து நாள் முன்பு நிறுத்துவார்கள். டாபாக்ளிஃப்ளோசின் போன்ற சில சர்க்கரை மாத்திரைகளையும் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். சாப்பிடும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து, லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

காலில் நரம்பை எடுத்தா நடக்க முடியுமா?

நாம் ரத்தக்குழாயையும் நரம்பு என்றே சொல்லிப் பழகியதால் வரும் பயம் இது. எடுப்பது நரம்பு இல்லை, கணுக்காலிலிருந்து தொடை வரை தோலுக்கடியில் ஓடும் ஒரு சிரை. ரத்தத்தை மேலேற்ற வேறு சிரைகள் உள்ளே ஆழத்தில் இருக்கின்றன. நடக்கலாம், நடக்கவும் வேண்டும். சில வாரம் கால் வீங்கும், தையல் பக்கம் மரத்துப்போன மாதிரி இருக்கும். உட்காரும்போது காலைத் தூக்கி வையுங்கள்.

இதைவிட முக்கியமான குழாய் நெஞ்செலும்புக்கு உள்பக்கம் இடதுபுறம் ஓடும் தமனி. அதை இதயத்தின் முன்பக்கக் குழாயோடு இணைத்தால் பத்து வருடம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் திறந்தே இருக்கிறது. கால் சிரையில் ஏறக்குறைய பாதி அதற்குள் அடைத்துவிடும். கையிலிருந்தும் தமனி எடுப்பதுண்டு. எதிலிருந்து எத்தனை குழாய் எடுக்கப்போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதயத்தை நிறுத்திட்டுத்தான் செய்வாங்களா?

இரண்டு விதமும் உண்டு. இதயத்தை நிறுத்திவிட்டு, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு இயந்திரத்திடம் ஒப்படைத்துச் செய்வது ஒன்று. 1953-ல் ஜான் கிப்பன் என்ற அமெரிக்க டாக்டர் முதன்முதலில் மனிதரிடம் வெற்றிகரமாகப் பயன்படுத்திய இயந்திரம் அது. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தில் தைக்க வேண்டிய இடத்தை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டு செய்வது இன்னொன்று. எது உங்களுக்கு என்பதை சர்ஜன் முடிவு செய்வார். மூன்றிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். வெளியே காத்திருப்பவர்களுக்கு ஒரு யுகம். மத்தியானம் சாப்பிட்டுவிடுங்கள், வாசலில் மயங்கி விழும் மகன்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

கால் சிரையை வைத்து பைபாஸ் செய்யும் முறையை 1967-ல் நிலைநாட்டியவர் அர்ஜென்டினாவில் பிறந்த ரெனே ஃபவலோரோ. நம் நாட்டில் முதல் பைபாஸை 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம்.செரியன் செய்தார். அன்று அது பெரிய செய்தி. நான் வேலை பார்த்த காலத்தில் அது அன்றாட வேலை.

ஐ.சி.யூ.வில் பார்க்கப் போனேன். கையைக் கட்டிப் போட்டிருந்தாங்க. அப்பா என்னையே தெரியலைங்கிறார். என்னாச்சு?

இதைக் கேட்காத குடும்பம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் நின்ற நாட்களில், உள்ளே வந்து பார்த்துவிட்டு சுவரில் சாய்ந்து அழுதவர்களை நினைத்தே இந்தப் பதிலை நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பார்க்கும்போது வாயில் ஒரு குழாய், அது மூச்சுக்கு. அது இருக்கும்வரை பேச்சு வராது, ஊமையாகிவிடவில்லை. கழுத்தில் மருந்துக்கான குழாய், வயிற்றுக்கு மேலே கசிவு ரத்தம் வெளியேற இரண்டு மூன்று குழாய், சிறுநீருக்கு ஒன்று. முகம் உப்பி, உடம்பு சில்லென்று இருக்கும். பாதி மயக்கத்தில் அந்தக் குழாய்களைப் பிடுங்கிவிடுவார் என்பதால் கையை மென்மையாகக் கட்டுகிறோம். மயக்கம் தெளிந்து தானே மூச்சு விட ஆரம்பித்ததும் வாய்க் குழாயை எடுத்துவிடுவோம். பலருக்கு அன்று இரவோ மறுநாள் காலையோ முடிந்துவிடும்.

குழப்பம் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வரும். வயதானவர்களுக்கு அதிகம். தூக்கம் இல்லை, பகலா இரவா தெரியாது, மருந்தின் மிச்சம், அலாரச் சத்தம். பாம்பன்காரப் பெரியவர் ஒருவர் இரவு முழுக்கக் கட்டிலையே படகாக நினைத்து, ‘அணியத்துல ஆளு இல்லடா, பாறை வருது’ என்று கத்தினார். அணியம் என்றால் படகின் முன்பக்கம். சமாதானம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில் அவர் காலடியில் போய் நின்று, ‘அணியத்துல நான் நிக்கிறேன் பெரியப்பா, நீங்க தூங்குங்க’ என்றேன். தூங்கினார். மூன்று நாளில் தெளிந்துவிட்டார், எதுவும் நினைவில்லை.

ஆகவே பயப்படாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். பெயரைச் சொல்லி, இன்றைக்கு என்ன கிழமை, எங்கே இருக்கிறீர்கள் என்று மெதுவாகச் சொல்லுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியையும், காது மெஷினையும் கொண்டுபோய்க் கொடுங்கள். அதிலேயே பாதி தெளியும். ஆனால் ஒரு பக்கக் கை கால் வரவில்லை, வாய் கோணுகிறது என்றால் அது வேறு விஷயம். உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

இதே நாட்களில் நெஞ்சு படபடவென்று தாறுமாறாக அடிப்பதும் நிறையப் பேருக்கு வரும், நாலில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். மருந்தில் அடங்கிவிடும்.

மூணு பந்து இருக்கிற டப்பாவை எத்தனை தடவை ஊதணும்?

நுரையீரல் நன்றாக விரிய ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மூச்சுப் பயிற்சி டப்பா அது. ஊதக் கூடாது. உறிஞ்ச வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! மூச்சை முழுக்க வெளியே விட்டு, குழாயை வாயில் வைத்து மெதுவாக உள்ளே இழுங்கள், பந்து மேலே நிற்கட்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்துத் தடவை. இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

வீட்டுக்கு வந்தாச்சு. படுத்தே இருக்கணுமா?

பொதுவாக ஏழிலிருந்து பத்து நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள். நம் வீடுகளில் அன்போடு செய்யும் தவறு, கட்டிலிலிருந்து இறங்க விடாமல் வைத்திருப்பது. நடக்காத காலில் ரத்தம் உறையும், நடக்காத நுரையீரலில் சளி சேரும். முதல் வாரம் வீட்டுக்குள் ஐந்து நிமிடமாக நாலைந்து தடவை. பிறகு தெருவில், சமதரையில், வெயில் ஏறும் முன். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரியான வேகம். கடற்கரை மணலில் நடப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், மணல் இதயத்திடம் அதிக வேலை வாங்கும்.

அறுத்த நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அது சேர ஆறிலிருந்து எட்டு வாரம், முழுப் பலம் வர மூன்று மாதம். அதுவரை ஒரு குடம் தண்ணீர், பேரப்பிள்ளை, ஐஸ் பெட்டி எதையும் தூக்காதீர்கள். மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம். கையை ஊன்றி எழாதீர்கள். ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே போட்டு எழுந்திருங்கள். டூவீலர் மூன்று மாதம் கழித்து. பெண்கள் மார்பின் எடை தையலை இழுக்காதபடி முன்பக்கம் கொக்கி வைத்த மென்மையான பருத்தி உள்ளாடை போடுங்கள். வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

புண்ணில் மஞ்சளும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவித் துடைத்தால் போதும். ‘உப்புத்தண்ணி பட்டா புண்ணு ஆறும்’ என்று கடலில் காலை நனைக்காதீர்கள். கடல்நீரிலும் கிருமி உண்டு, சர்க்கரைக்காரர்களுக்கு அது கடுமையாகப் போய்விடும்.

சும்மா சும்மா அழறார். கடல்ல புயலையே பார்த்த மனுஷன்.

அழட்டும். தூக்கமின்மை, சாவை அருகில் பார்த்த பயம், சம்பாத்தியம் நின்றுபோன வெட்கம் எல்லாம் சேர்ந்து வருகிறது. பல பேருக்குச் சில வாரத்தில் சரியாகும். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் குறைந்துகொண்டே போனால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ‘இன்னாருக்கு இப்படித்தான் செஞ்சாங்க, ஆறு மாசத்துல போயிட்டார்’ என்று கதை சொன்னால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். மரியாதை பார்க்க வேண்டாம்.

கருவாடு சாப்பிடலாமா?

இதற்குத்தான் திண்ணையில் பெரிய விவாதமே நடக்கும். பச்சை மீன் தாராளமாகச் சாப்பிடலாம். சூடை, மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன் இதயத்துக்கு நல்லது. குழம்பாக, பொரிக்காமல். இறால், நண்டு எப்போதாவது கொஞ்சம்.

கருவாட்டைப் பொறுத்தவரை பிரச்சினை உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராம், ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு இருக்கவேண்டும். ஒரு துண்டு கருவாடே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஊறவைத்துக் கழுவினாலும் எல்லா உப்பும் போகாது. இதயம் பலவீனமானவர்களுக்குக் கால் வீங்கி, மூச்சு இளைத்து மறுபடி ஆஸ்பத்திரிக்கு வர வைப்பதில் கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் பங்கு உண்டு. அதனால் எங்கள் வீட்டில் நிறுத்தியே விட்டோம்.

முண்டு மிளகாய் காரம் இதயத்தைக் கெடுக்காது, வயிறு தாங்கினால் சரி. தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பை வாரம் ஒரு நாளாக்குங்கள். கருப்பட்டி சர்க்கரைக்காரருக்கு நல்லது என்பது தவறான நம்பிக்கை, அதுவும் சர்க்கரையை ஏற்றும். கீழக்கரை இனிப்பான தொதலை ருசி பார்க்கலாம், கிண்ணத்தில் போட்டுச் சாப்பிட வேண்டாம்.

வாப்பாவுக்கு ரமலான் நோன்பு வைக்கணும்னு ஆசை.

ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதம் வேண்டாம். புண் ஆறவும் தண்ணீர் வற்றாமல் இருக்கவும் வேளைக்கு வேளை மருந்து போகவும் வேண்டும். நோயாளிக்குச் சலுகை மார்க்கத்திலேயே இருக்கிறது என்பதை வாப்பாவுக்கு ஆலிம் சொன்னால் கேட்பார், நாம் சொன்னால் கேட்கமாட்டார். அடுத்த வருடத்துக்கு, ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

அதேபோல ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆடுவதாக வேண்டிக்கொண்டவர்கள் மூன்று மாதம் பொறுங்கள். ஈரக் கல்தரையில் வழுக்கி விழுந்தால் அடி நெஞ்செலும்பில் விழும்.

திரும்பக் கடலுக்குப் போகலாமா?

இந்த ஒரு கேள்வியைக் கேட்கும்போது மட்டும் ஆண்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பலர் போகலாம். ஆனால் படிப்படியாக. ஆறு, எட்டு வாரத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை: கிழிந்த வலையைப் பொத்துவது, ஏலக் கணக்கு. மூன்று மாதம் முடிந்ததும் எக்கோவும், ஓடவிட்டுப் பார்க்கும் டிரெட்மில் சோதனையும் செய்து, அதன் முடிவோடு டாக்டரிடம் ‘நான் வலை இழுக்கிறவன்’ என்று சொல்லிக் கேளுங்கள். ‘வேலைக்குப் போகலாமா’ என்று மட்டும் கேட்டால் அவர் ஆபீஸ் வேலையை நினைத்துச் சரி என்று சொல்லிவிடுவார். முதலில் கரையோரம், பகல், கூட ஆள், சட்டைப்பையில் நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை. அந்த மாத்திரையைப் போடும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள், தலை சுற்றும். ஆஸ்பிரின் சாப்பிடுவதால் மீன் முள் குத்தினாலும் ரத்தம் நிற்க நேரமாகும், பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். மூச்சடக்கி முங்கும் வேலைக்கும் பனையேறும் வேலைக்கும் சோதனை முடிவு இல்லாமல் போகவே வேண்டாம்.

இதயம் பலவீனமாகவே இருப்பவர்களுக்கு இல்லை என்ற பதில் வரலாம். என் அப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒருநாள் விடிகாலையில் படகு வரும் நேரத்துக்குக் கரைக்குப் போனார். இன்றைக்கும் போகிறார், மீன் பிரிக்கிறார், விலை சொல்கிறார்.

கணவன் மனைவி சேர்ந்திருக்கலாமா?

இரண்டு மாடி படி ஏறி மூச்சு வாங்காமல், வலி வராமல் இருந்தால், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து இருக்கலாம். நெஞ்சில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாக்குக்கடி மாத்திரை வைத்திருப்பவர்கள் கடையில் விற்கும் ஆண்மை மாத்திரைகளைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக விழுந்துவிடும்.

மாத்திரையை எத்தனை மாசத்துல நிறுத்தலாம்?

ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் ஆயுளுக்கும். வலி இல்லை என்று நிறுத்தியவர்கள்தான் இரண்டாம் முறை வருகிறார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வழியாக வீட்டிலேயே வாங்கலாம், 2021-லிருந்து நடக்கிறது.

பெயரைக் கவனியுங்கள். ஒரே மருந்து பத்துக் கம்பெனிப் பெயரில் வரும். பக்கத்து ஊர் அண்ணன் ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பெயரிலும் ஊர் டாக்டர் இன்னொரு பெயரிலும் ஒரே பிரஷர் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் சாப்பிட்டுப் படித்துறையில் மயங்கி விழுந்தார். டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது, யாரும் விளக்கவில்லை. வெளியே வரும் முன் ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எதுக்கெல்லாம் உடனே ஓடணும்?

காய்ச்சல், புண்ணில் சீழ் அல்லது நாற்றம், மூச்சு விடும்போது நெஞ்செலும்பு ‘டக் டக்’ என்று நகர்வது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, படுத்தால் மூச்சுத் திணறுவது, இரண்டு நாளில் இரண்டு கிலோ எடை கூடுவது, பழைய நெஞ்சு அழுத்தம் திரும்புவது. காலையில் எடை பார்க்க வீட்டில் ஒரு மெஷின் வாங்கி வையுங்கள்.

பிள்ளைகளுக்கும் வருமா?

அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்குள் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல். இருபது வயதைத் தாண்டியதும் கொழுப்பு, சர்க்கரை, பிரஷர் பார்த்துவிடுங்கள். மகன் பீடி பிடித்தால், அப்பாவின் நெஞ்சுத் தையலைக் காட்டிப் பேசுங்கள்.

ஃபைலை எங்கே வைக்கிறது?

ஆஞ்சியோகிராம் சி.டி., டிஸ்சார்ஜ் சீட்டு, கடைசி எக்கோ, மாத்திரைப் பட்டியல், காப்பீட்டு கார்டு நகல். எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரு பாலிதீன் உறையில் போட்டு, வாசல் பக்கம் ஆணியில் மாட்டி வையுங்கள். பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு 108 வந்து நிற்கும்போது சாவி தேட நேரம் இருக்காது. மாத்திரைப் பட்டியலை போனில் படம் எடுத்து, வீட்டில் இருக்கும் எல்லோர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.